மரச்சீனிக்கு மூடி போடாதே

அருமனை
ஆனி மாதம்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று எழுதியிருந்தாய், ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் சௌக்கியம். எனக்கு முட்டுவலி வழக்கம்போல. மழை பிடித்துக்கொண்டதால் ரப்பர் பால்வெட்டு நின்று கிடக்கிறது, அதனால்தான் இவ்வளவு சீக்கிரம் பதில் வருகிறது என்று வைத்துக்கொள். பையன் தினமும் களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம் போய் வருகிறான்.

சரி, கிழங்கு விஷயத்துக்கு வருகிறேன். ஜவ்வரிசி ஆலைக்குப் போகிற லோடிலிருந்து யாரோ கொடுத்த மரச்சீனியை, அதாவது மரவள்ளிக் கிழங்கை, அவித்தாயாம், கசந்ததாம், உன் வீட்டுக்காரி பயந்துபோய் அத்தனையையும் கொட்டிவிட்டாளாம். நல்ல காரியம் செய்தாள். சேலத்துப் பக்கம் மாவுக்காகவே வளர்க்கிற ரகங்களில் சில கசக்கும். அது ஆலைக்குத்தான் லாயக்கு, வாய்க்கு இல்லை. "உன் ஆச்சி அவிச்ச கிழங்கு எப்படி அப்படிக் கரைஞ்சுது?" என்று கேட்டிருக்கிறாயே, அதைப் படித்ததும் எனக்குப் பள்ளிக்கூடத்து மதியச் சாப்பாடுதான் ஞாபகம் வந்தது. உன் தூக்குவாளியில் சோறு, என் வாழையிலைப் பொதியில் மரச்சீனியும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தித் துவையலும். சோறு கொண்டு வருகிறவனுக்குத்தான் அன்றைக்கு மதிப்பு. ஆனாலும் நீதான் முதலில் கையை நீட்டுவாய்.

ஆச்சி கிழங்கு அவிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், எழுதுகிறேன். மண்ணைக் கழுவி, மேல் பட்டையோடு உள்ளே இருக்கிற தடித்த தோலையும் சேர்த்து வெட்டுக்கத்தி முனையால் கீறி ஒரே சுற்றில் உரித்துவிடுவாள். துண்டு போட்டதும் ஒன்றை எடுத்து நுனிநாக்கில் வைத்துப் பார்த்துத் துப்புவாள். கசந்தால் அந்த மூட்டுக் கிழங்கு, அதாவது அந்தச் செடியின் கிழங்கு, முழுவதும் தனியாக ஒதுங்கிவிடும். வெள்ளைப் பால் போகிற வரைக்கும் அலசி, நிறைய தண்ணீரில் போட்டு, பானையைத் திறந்தே வைப்பாள். யாராவது தெரியாமல் மூடியை எடுத்து வைத்தால் போதும், "மூடாதே, ஆவி போகட்டு" என்று அடுக்களையே அதிரும். ஒரு கொதி வந்ததும் அந்தத் தண்ணீரை வடித்துத் தென்னை மூட்டில் ஊற்றிவிட்டு, வேறு தண்ணீர் விட்டு உப்பும் மஞ்சளும் போட்டு வேகவைப்பாள். வடித்த தண்ணீரை ஆட்டுக்கோ மாட்டுக்கோ காட்டவே கூடாது. ஆட்டை மரச்சீனி விளைக்குள் அவிழ்த்துவிட்டாலும் அடி விழும். பச்சை இலையைத் தின்று ஆடு செத்த கதை எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் உண்டு.

ஏன் என்று கேட்டால் ஆச்சிக்குப் பிடிக்காது. "சொன்னதைச் செய்" என்பதோடு சரி. காரணம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. கிழங்கில் லினமாரின் என்று ஒரு பொருள் இருக்கிறது. வெட்டினாலோ நசுக்கினாலோ அதிலிருந்து ஹைட்ரஜன் சயனைடு என்கிற விஷம் வெளிவரும். சதையைவிடத் தோலில்தான் அது அதிகம். 26 டிகிரி சூட்டிலேயே கொதித்து ஆவியாகிற சாமான் அது, திறந்த பானையிலிருந்து ஆவியோடு போய்விடும். மிச்சம் வடித்த தண்ணீரோடு போகும். அப்புறம், கிழங்கை வெறுமனே தின்னவும் ஆச்சி விடமாட்டாள். சாளைக் கறி இருக்க வேண்டும், மீன் இல்லாத நாளில் பயறாவது வேண்டும். உடம்புக்குள் போன கொஞ்சநஞ்ச சயனைடை முறிக்கக் கந்தகம் உள்ள புரதம் உதவும் என்கிறார்கள். திருவனந்தபுரத்து ஸ்ரீகாரியத்தில் உள்ள கிழங்கு ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது 1963இல். அதற்கு முன்பே எங்கள் அடுக்களையில் இது அத்தனையும் சட்டமாக இருந்தது. கிழங்கு தின்ற அன்று சுக்குக் காப்பி குடிக்கக் கூடாது என்றும் ஒரு சட்டம் உண்டு. அதற்கு நான் காரணம் தேடப் போகவில்லை. குடிப்பதும் இல்லை.

இந்தக் கண்டிப்பெல்லாம் சும்மா வந்ததில்லை. ஆச்சி தொண்ணூற்றொன்பதாம் வெள்ளத்து வருஷம் பிறந்தவள், அதாவது கொல்லம் ஆண்டு 1099இல் பெருவெள்ளம் வந்த 1924. பர்மா 1942இல் ஜப்பான்காரன் கைக்குப் போனபோது அவள் கல்யாணம் ஆகி வந்த புதுப்பெண். திருவிதாங்கூர் அன்றைக்கு வெளியிலிருந்து வருகிற அரிசியைத்தான் பெரிதும் நம்பியிருந்தது. அது நின்றதும் ஏழை வீடுகளில் உலை வைக்க ஒன்றும் இல்லை. விசாகம் திருநாள் மகாராஜா 1880களில் ஊரெல்லாம் நடச் சொல்லிப் பரப்பிய கிழங்குதான் அப்போது எத்தனையோ வீட்டில் உயிரைப் பிடித்து வைத்தது. கிடைத்ததை அரைவேக்காடாகத் தின்று மயங்கி விழுந்தவர்களையும் பார்த்திருக்கிறேன் என்பாள். அதற்கு மேல் அந்தக் காலத்தைப் பற்றி அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாது.

பிற்பாடு வீட்டில் அரிசிக்குக் குறைவில்லாத நாளிலும் செவ்வாய்க்கிழமை உலையில் அரிசி ஏறாது, மரச்சீனிதான், ஞாபகம் இருக்கிறதா? என் அப்பா ஒரு தடவை சலித்துக்கொண்டபோது, "நாக்கு இதை மறந்திரப்படாது" என்றாள். எனக்கு அது அப்போது பிடிவாதமாகப் பட்டது. இப்போது வேறு மாதிரி படுகிறது. பஞ்சத்தில் அடிபட்டவர்கள் சிலர் கையை இறுக்கிக்கொள்வார்கள். ஆச்சி அப்படி ஆகவில்லை, அதற்கு அவளுடைய குணத்துக்கு இருக்கிற அளவு பங்கு மரச்சீனிக்கும் இருக்கிறது என்று நினைக்கிறேன். நெல்லைப் பத்தாயத்தில் போட்டுப் பூட்டலாம். பிடுங்கிய கிழங்கை என்ன செய்வாய்? இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலம் ஓடிவிடும். ஒரு மூடு பிடுங்கினால் அன்றைக்கே அக்கம்பக்கத்துக்குப் போயாக வேண்டும். அவர்கள் பிடுங்குகிற அன்று நமக்கு வரும். மண்ணுக்குள் விட்டுவைத்தால் மாசக்கணக்கில் கிடக்கும், எடுத்துவிட்டால் பங்கு வைத்தாக வேண்டும். இந்தக் கணக்கிலேயே வளர்ந்தவளுக்கு, மிச்சத்தை ஒளித்து வைப்பது என்றால் என்னவென்றே தெரியாது.

அதற்காக அவளைச் சாமியாக்கிவிடாதே. மீன் தலை ஆண்பிள்ளைகளுக்குத்தான், பெண்பிள்ளைகளுக்கு வால் துண்டு. அக்கா இன்றைக்கும் ஆச்சி திவசத்தன்று அதைச் சொல்லிக் காட்டுவாள். மருமக்களிடமும் நாக்கு கொஞ்சம் நீளம்தான். அம்மா பட்டதை அம்மாதான் சொல்ல வேண்டும், அவள் சொல்லாமலே போய்விட்டாள்.

ஆச்சியின் விளையில் இப்போது முழுக்க ரப்பர். வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தில் மட்டும் மரச்சீனி வைத்திருக்கிறேன், காட்டுப்பன்றி மிச்சம் விட்டால் நமக்கு. பிடுங்கும்போது ஆச்சி சொன்ன முறைதான். முதலில் கம்பை வெட்டி நிழலில் நிமிர்த்திச் சாய்த்து வைத்துவிட்டுத்தான் கிழங்கில் கை வைக்க வேண்டும். பசியோடு கிழங்கை எடுத்துக்கொண்டு போனால் கம்பை ஆடு தின்றுவிடும், அடுத்த வருஷம் நடுவதற்கு ஒன்றும் இருக்காது. பையனுக்கும் இதைப் பழக்கியிருக்கிறேன். அவன் போனைப் பார்த்துக்கொண்டே செய்கிறான், ஆனால் செய்கிறான்.

ஆடி அமாவாசைக்குக் குழித்துறை வாவுபலித் திருவிழாவுக்கு வருவதாக நீ பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். இந்த முறையாவது வா. நல்ல கம்பாகப் பார்த்து எடுத்து வைக்கிறேன், சாண் அளவுக்கு நறுக்கித் துணியில் சுற்றிக் கொண்டுபோகலாம். மொட்டை மாடியில் பெரிய சாக்கில் மண் நிரப்பி நட்டாலும் வரும், என்ன, கிழங்கு சிறுத்திருக்கும். தலைகீழாக நட்டுத் தொலைக்காமல் இருக்க நுனிப்பக்கம் சுண்ணாம்பு தடவித் தருகிறேன். பத்து மாசம் பொறுக்கணும், நடுவில் தோண்டிப் பார்க்கிற உன் பழைய புத்தியைக் காட்டாதே.

வருகிற தேதியை முன்கூட்டியே எழுது. சாளை அன்றைக்குக் கிடைக்குமா என்று குளச்சலில் சொல்லி வைக்க வேண்டும்.

உன் பெஞ்சுத் தோழன்