சய ஆறு

தலவாக்கலை

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பத்தாம் தரப் பிள்ளைகள், ஒரே அளவு கூடியோ குறைந்தோ போகும் கூட்டல் விருத்தியில் அந்த அளவை, அதாவது பொது வித்தியாசத்தைக் காணும்போது எப்போதும் பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அவர்களை ஏசாதே, புள்ள. சின்ன வகுப்பிலிருந்தே பெரிய எண்ணை மேலே எழுதிக் கழித்துப் பழகிய கை அது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்: பின்னால் வரும் உறுப்பிலிருந்து அதற்கு முன்னால் நிற்பதைக் கழிக்க வேண்டும். எது பெரிது என்று பார்க்கவே வேண்டாம். 40, 34, 28, 22 என்றால் 34இலிருந்து 40 போக, சய 6, அதாவது −6.

மொனராகலை வெயிலில் இருக்கும் பிள்ளைகளுக்கு நம் குளிரையே கணக்காகக் கொடு. ஆயிரம் மீற்றர் ஏற ஏற வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை குறைகிறது. கடல் மட்டத்தில் 30 என்று வைத்தால் 1,000 மீற்றரில் 23.5, 2,000 மீற்றரில் 17. பொது வித்தியாசம் சய 6.5. அந்தச் சய அடையாளத்தை விட்டுவிட்டால் நுவரெலியா கடற்கரையைவிடச் சுட வேண்டும். பிழையை அவர்களே பிடித்துவிடுவார்கள்.

ஒரு சோடியைப் பார்த்ததோடு நிற்கவும் விடாதே. 2, 4, 8இல் முதல் வித்தியாசம் 2, அடுத்தது 4. அது கூட்டல் விருத்தியே இல்லை.

பரீட்சையில் புள்ளி போவது வேறோர் இடத்தில். மூன்றாம் உறுப்பு 17, ஏழாம் உறுப்பு 37 என்று கொடுத்துப் பொது வித்தியாசம் கேட்பார்கள். 3, 4, 5, 6, 7 என்று விரல் விட்டு எண்ணி, 20ஐ ஐந்தால் வகுத்து வைப்பார்கள். உன் அம்மா தேயிலைக் கொழுந்தெடுத்த காலத்தை நினைத்துப் பார். ஒரு மலைக்கு ஏழு நாளைக்கு ஒருமுறை சுற்று வரும். 3ஆம் திகதி எடுத்த மலையில் 31ஆம் திகதி எடுப்பது ஐந்தாவது தடவை. ஆனால் இடையில் போனது நாலு கிழமைதான். 28ஐ நாலால் வகுத்தால்தான் 7 வரும். அதுபோல இங்கேயும் 20ஐ நாலால் வகுக்க 5. தாண்டிய இடைவெளியை எண்ணச் சொல், நிற்கும் உறுப்புகளை அல்ல.

முதல் உறுப்பு வேண்டுமென்றால் 17இலிருந்து இரண்டு தரம் 5ஐக் கழிக்க 7. அங்கிருந்து 37 வரை எழுதிப் பார்க்கட்டும், சரிபிழை தெரிந்துவிடும்.

தவணை லீவுக்கு வரும்போது இரண்டு மூன்று கொப்பிகளைக் கொண்டு வா. எந்த வரியில் தடுமாறுகிறார்கள் என்று நானும் பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா