மூணு அஞ்சு புத்தகம்

பாயான் பாரு, பினாங்கு
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பி,

"நமக்கு இந்த ஷேர் எல்லாம் ராசி இல்லம்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். எனக்கு இரண்டு நாளாக அதே நினைப்பு. போனது ஆறாயிரம் வெள்ளி, அதுவும் சேமநிதியில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற ஃபிளெக்சிபல் கணக்கிலிருந்து எடுத்தது. 2024-க்கு அங்கே 6.30 விழுக்காடு ஈவு கொடுத்தார்கள். ஆறாயிரத்துக்கு வருஷத்துக்கு 378 வெள்ளி, சும்மா உட்கார்ந்தபடி. அதைக் கொண்டுபோய் டெலிகிராமில் யாரோ சொன்ன கம்பெனிப் பங்கில் போட்டாய். போனது போகட்டும். பழியை ராசி மேல் போட்டாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நேற்று அலமாரியைக் குடைந்து என் பழைய மூணு அஞ்சு புத்தகத்தை எடுத்தேன். ஒட்டுக்கடையில் கடன் எழுதுவார்களே, அட்டையில் 555 போட்ட அதே சின்ன நோட்டு. முதல் பக்கத்தில் என் கையெழுத்து: "பிப்ரவரி 1997. 1 லாட். 4.20. லைன்ல அக்கா சொன்னாங்க." ஃபேக்டரி லைனில் கூட வேலை செய்த அக்கா சொன்னது, வாங்கியதற்குக் காரணம் அவ்வளவுதான்! அப்போது ஒரு லாட் என்றால் ஆயிரம் பங்கு, ஒரு பங்கு 4.20 வெள்ளி. உன் அப்பாவுக்குத் தெரியாமல் சங்கிலியை அடகு வைத்த பணம் அது. அந்த மாதம் கோலாலம்பூர் பங்குச் சந்தைக் குறியீடு 1,270 பக்கம் நின்றது. 1998 செப்டம்பர் 1-ஆம் தேதி 262-க்கு வந்துவிட்டது. அதற்கு முந்தின வாரம்தான் பயந்துபோய் பங்கு 70 காசுக்குத் தள்ளிவிட்டேன். செப்டம்பர் 2-ஆம் தேதி டாலருக்கு 3.80 வெள்ளி என்று அரசாங்கத்தில் மதிப்பைக் கட்டிப்போட்டார்கள். சந்தை எழுந்து ஓடியது. நான் சமையல்கட்டில் உட்கார்ந்து அழுதேன். நீ அப்போது பால்வாடி.

எனக்குக் கணக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தது ஃபேக்டரியில் அக்கவுண்ட்ஸில் இருந்த ஒரு சீன அக்கா. கேன்டீனில் ஆண்டறிக்கையை விரித்து வைத்து, லாபம் போட்டிருந்த பக்கத்தைக் கையால் மூடிவிட்டார். பணப்புழக்கப் பக்கத்தைத் திருப்பி, "இதில் காசு உள்ளே வந்திருக்கா, பார்" என்றார். முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு நம் தோட்டத்து ஒட்டுக்கடைதான் ஞாபகம் வந்தது. அரிசியும் பருப்பும் விற்றுத் தீர்ந்திருக்கும், 555 நிறையக் கடன், கல்லாவில் காசிருக்காது. கடைக்காரர் லாபம் என்றுதான் எழுதுவார். சரக்குக்காரன் வாசலில் நிற்கும்போதுதான் வண்டவாளம் தெரியும். கம்பெனிகளும் அப்படித்தான்.

நீ வாங்கிய கம்பெனியின் மூன்று வருஷ அறிக்கையை புர்சா, அதான் பங்குச் சந்தை, வலைத்தளத்திலிருந்து இறக்கினேன். பூதக்கண்ணாடியோடு இரண்டு ராத்திரி. விற்பனை கொஞ்சம் ஏறியிருக்கிறது, வரவேண்டிய கடன் இரண்டு மடங்காகியிருக்கிறது. தொழிலிலிருந்து வந்த காசு மூன்று வருஷமும் மைனஸ். இதில் ராசி எங்கே வந்தது? நீ அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை, அவ்வளவுதான்.

எல்லாம் தெரிந்தவள் மாதிரி எழுதுகிறேன் என்று நினைக்காதே. 2000-இல் ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் ஓடியது. 2001-இல் சிப் ஆர்டர் குறைந்து ஓவர்டைம் நின்றது. என் கண்முன்னாலேயே நடந்தும், கையிலிருந்த எலக்ட்ரானிக்ஸ் பங்கை நான் விற்கவில்லை. அதுவும் புத்தகத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகுதான், வாங்கும்போதே "எப்போது விற்பேன்" என்றும் ஒரு வரி எழுத ஆரம்பித்தேன். பங்குதாரர் கூட்டத்துக்கு முதலில் போனதுகூட நாசி லெமாக் பொட்டலத்துக்காகத்தான், சிரிக்காதே. உட்கார்ந்து கேட்கக் கேட்க, மேடையில் இருப்பவர் எந்தக் கேள்விக்குச் சுற்றி வளைக்கிறார் என்று பிடிபட ஆரம்பித்தது.

ஏன் இந்த வயதிலும் விடமாட்டேன் என்கிறேன் தெரியுமா? உன் பாட்டி பால் மரம் வெட்டி, சேமநிதிப் பணத்தை வாங்கக் கைநாட்டு வைத்தார். எவ்வளவு என்று பக்கத்தில் இருந்த கிராணியிடம், அதான் தோட்டத்துக் குமாஸ்தாவிடம், கேட்டார். அவர் சொன்னதுதான் கணக்கு. நான் பக்கத்தில் நின்றேன்.

இதோடு ஒரு புது 555 வைத்திருக்கிறேன். மறுபடியும் பணம் போடச் சொல்லவில்லை. இந்த வருஷம் ஒரு காசும் போடாதே. போன ஆறாயிரத்தை முதல் பக்கத்தில் எழுது, யார் சொன்னது என்பதோடு.

அப்புறம், அந்த அறிக்கையில் 'டிஃபர்ட் டாக்ஸ்' என்று ஒரு குறிப்பு. நாலு தடவை படித்தும் எனக்கு ஏறவில்லை. படித்துவிட்டு, தீபாவளிக்கு வரும்போது சொல்லிக்கொடு. பஸ் டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடு, போன வருஷம் மாதிரி நின்றுகொண்டு வராதே.

அம்மா