ஏரித் தண்ணீரை மட்டும் சோதித்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எண்ணூர் கழிமுகத்துச் சேற்றைப் பற்றிச் செய்தி வந்தால், அது கடற்கரைக்காரர் பாடு என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறவர்கள் கொடைக்கானலில் நிறையப் பேர். கழிமுகத்தில் ஆற்றுநீர் உப்புநீரைத் தொட்டதும் களிமண் துகள்கள் ஒட்டிக் கனத்து, ஈயம் மாதிரி உலோகங்களையும் இழுத்துக்கொண்டு அடியில் படிந்துவிடும், மேல்தண்ணீரை மொண்டு சோதித்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. உப்பு இல்லையே தவிர, நம் ஏரியிலும் உலோகம் போய்ச் சேரும் இடம் அடிச்சேறுதான்.

நம் ஊர்த் தெர்மாமீட்டர் ஆலை 2001-இல் மூடியதும், பாதரசம் ஒட்டிய கண்ணாடி மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் கிடந்ததும், 2003-இல் டன் கணக்கில் கழிவு அமெரிக்காவுக்குக் கப்பலேறியதும் ஊரறிந்த கதை. ஆலை மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் இருக்கலாமா கூடாதா என்று வருடக்கணக்கில் வாதாடினோம். சரி, வாதாட வேண்டியதுதான். ஆனால் ஏரியின் தண்ணீர், சேறு, மீன் மூன்றிலும் பாதரசம் இருப்பதை ஐதராபாத்தில் உள்ள அணுசக்தித் துறை ஆய்வகத்தார் 2006-லேயே எழுதிவிட்டார்கள், அதை யார் பேசுகிறார்கள்?

கரையோரம் பாசி அள்ளும்போது ஒரு கை கறுப்புச் சேற்றைத் தட்டில் பரப்பிப் பாருங்கள். அழுகிய முட்டை வாடை அடிக்கும், நூல் மாதிரி சிவப்புப் புழுக்கள் நெளியும். பிராணவாயு இல்லாத சேற்றில் அந்த வாடையைக் கிளப்பும் நுண்ணுயிர்கள்தான் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுவதிலும் முன்னே நிற்பவை, ஜப்பானின் மினமாட்டாவில் மனிதர்களை முடக்கிய அதே நஞ்சு. புழு சேற்றைத் தின்னும், மீன் புழுவைத் தின்னும், அப்புறம் மீனை நாம். அந்தப் புழுவே சிறகு முளைத்துக் கடிக்காத கொசு மாதிரிப் பறந்துபோய்ப் பறவைக்கும் சிலந்திக்கும் இரையாகிறது, ஆக விவகாரம் ஏரிக்குள்ளேயே நிற்பதுமில்லை. உலோகம் மிகுந்த சேற்றில் வளரும் இந்தப் புழுக்களின் வாய்ப்பற்கள் கோணலாகிப்போவது உண்டு, நுண்ணோக்கியில் பார்த்தாலே தெரியும்.

ஏரியைத் தூர்வாரும் பேச்சு எழும்போதெல்லாம் எனக்குப் பயம் இதுதான். கிளறினால் படிந்துகிடப்பது மறுபடி தண்ணீரில் கலக்கும். வாரிய சேற்றை யாராவது எருவென்று நினைத்து கேரட், பூண்டுத் தோட்டத்தில் கொட்டினால் யார் பொறுப்பு? இயந்திரத்தை இறக்குவதற்கு முன் சேற்றை அடுக்கடுக்காக எடுத்து, அதிலுள்ள புழு, நத்தையையும் சேர்த்துச் சோதித்து, முடிவைத் தமிழில் படகுத்துறையில் ஒட்டச் சொல்லுங்கள். சேறு எந்த லாரியில் எங்கே போகிறது என்பதையும் அதிலேயே எழுதட்டும்.

இப்படிக்கு,
கொடைக்கானல் வாசகர் ஒருவர்