மலைச் சதுப்புகளில் வாய்க்கால் வெட்டுவதைத் தடுக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நீலகிரியில் மழை குறையும்போதெல்லாம் அணைகளின் நீர்மட்டத்தைப் பற்றி எழுதுகிறோம். சோலைக்கும் புல்வெளிக்கும் நடுவே பள்ளங்களில் கிடக்கும் சதுப்புகளைப் பற்றி எழுதுவோர் குறைவு. அப்படியொரு சதுப்பை வடித்துக் காரட் போட்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

நீர் எப்போதும் நிற்பதால் சதுப்பு மண்ணுக்குள் காற்று புகுவதில்லை. செத்த கோரையும் பாசியும் முழுதாக மக்காமல், ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாத வேகத்தில், கறுத்த பீட் மண்ணாகப் படிகின்றன. 1993இல் சூழலியல் அறிஞர் ராமன் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் இம்மண்ணில் உள்ள கரிம ஐசோடோப்புகளை, அதாவது எடை மாறுபட்ட கரிம அணுக்களை, கொண்டே, கடந்த 20,000 ஆண்டுகளில் இம்மலையின் தாவரங்கள் எப்படி மாறின என்பதைக் கணித்தனர்.

சதுப்பைப் பஞ்சுக்கு ஒப்பிடுவது வழக்கம். என் கருத்தில் அது பாதிதான் சரி. ஆடி மழையில் நிரம்பிவிட்ட சதுப்பு மேற்கொண்டு நீரை வாங்காது, பெய்வது அப்படியே ஓடைக்கு வழிந்துவிடும். அதன் அருமை கோடையில்தான் தெரியும். வேரும் பாசியுமான மேலடுக்கில் வேகமாக நகரும் நீர், அடியிலுள்ள இறுகிய மண்ணில் மிக மெல்ல நகர்வதால், நீர்மட்டம் இறங்க இறங்க வெளியேறும் அளவும் தானாகச் சுருங்கி, சதுப்பு தன் ஈரத்தைக் காத்துக்கொள்கிறது. இடுப்பளவு வாய்க்கால் ஒன்றை வெட்டினால் அந்தக் கட்டுப்பாடு போய்விடும்.

சத்துகளின் கணக்கு இன்னும் நுட்பமானது. மேல்சரிவுத் தோட்டங்களில் இட்ட உரத்திலிருந்து கரைந்து வரும் நைட்ரேட்டைச் சதுப்பின் காற்றில்லா மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் நைட்ரஜன் வாயுவாக மாற்றி வெளியேற்றுகின்றன. மக்காத தாவரங்களிலும் சத்துகள் பூட்டிக் கிடக்கின்றன. வடித்ததும் காற்று புகுந்து, பன்னெடுங்காலச் சேமிப்பு மக்கத் தொடங்குகிறது: கரிமம் கரியமில வாயுவாகப் போகிறது, நைட்ரஜன் நைட்ரேட்டாகி ஓடையில் இறங்குகிறது. எனக்கு முதல் மூன்று போகம் அமோகமாக விளைந்ததற்கு என் கைராசி காரணமல்ல, இதுதான் காரணம். வாய்க்கால் நீர் அப்போது காப்பி டிகாஷன் நிறத்தில் ஓடியது. பிறகு தரை அமிழ்ந்து, வேலிக்கல்லின் அடிப்பாகம் ஒரு சாண் வெளியே தெரிந்தது. காய்ந்த மண்கட்டியை வாளி நீரில் போட்டால் நனையாமல் மிதந்தது. வாய்க்காலை அடைத்து மீண்டும் நீர் தேக்கினாலும் எல்லாம் உடனே சரியாகிவிடாது. மண்ணிலுள்ள இரும்போடு ஒட்டிக் கிடந்த பாஸ்பரஸ் சத்து அப்போது பிரிந்து நீரில் கலக்கக்கூடும்.

சதுப்பைச் சுற்றிய சரிவுகளும் முக்கியம். நீலகிரியின் கிளன்மார்கனில் நடந்த நீண்ட கால ஆய்வில், புல்வெளியில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நட்ட நீர்ப்பிடிப்புப் பகுதியின் நீரோட்டம் முதல் பத்தாண்டில் 16 விழுக்காடும், வெட்டிய அடிமரத்திலிருந்து மறுதாம்பு விட்ட அடுத்த சுற்றில் ஏறத்தாழ 25 விழுக்காடும் குறைந்தது. இம்மலை நீர் போய்ச் சேரும் பவானிசாகர் அணையை நம்பியிருக்கும் ஈரோட்டு உழவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள், அறிவிக்கை செய்யப்பட்ட ஈரநிலங்களை வேறு பயனுக்கு மாற்றுவதைத் தடுக்கின்றன. ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் அளவுள்ள மலைச் சதுப்புகளையும் மாவட்ட நிர்வாகம் அளந்து அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அதுவரை அவற்றில் பொக்லைன் இறங்க அனுமதிக்கக் கூடாது. பட்டா நிலத்தில் சதுப்பை வடிக்காமல் விட்டுவைக்கும் சிறு விவசாயிக்கு ஆண்டுதோறும் ஓர் ஈட்டுத்தொகையும் தர வேண்டும்.

இப்படிக்கு,
காய்கறி விவசாயி ஒருவர்,
உதகை வட்டம்.