யாழ்ப்பாணத்தில கேமிங் போட்டி வைக்கிற அண்ணாமாருக்கும் தம்பிமாருக்கும் ஒரு திறந்த மடல்

எல்லாருக்கும் வணக்கம்.

உங்கட அடுத்த போட்டி நோட்டீஸ் பாத்தன். இந்த முறையும் பப்ஜி, ஃப்ரீ ஃபயர், கோல் ஒஃப் டியூட்டி, அதோட சரி. வேற ஒண்டும் வைக்கேல்லையோ எண்டு கேட்டதுக்கு, எங்கட பெடியளுக்குச் சுடுறதுதான் பிடிக்கும், வேற எதை வைச்சாலும் சனம் வராது எண்டு பதில் வந்தது. அதாலதான் இதை எழுதுறன். ஒரு ஊருக்கு எந்தக் கேம் பிடிக்கும் எண்டுறது பிறப்போட வாற விசயமே? அந்த ஊர்ச் சனத்திட்ட என்ன மெசின் இருந்தது, கையில எவ்வளவு காசு இருந்தது, அரசாங்கம் எதை உள்ள விட்டது எதை மறிச்சது, கூட்டாளியளோட இருந்து விளையாட எங்க இடம் கிடைச்சது, இதுகளைப் பாத்தால்தான் விளங்கும்.

கொரியாவைப் பாருங்கோ. ஜப்பான் படம், பாட்டு, கேம் மாதிரிச் சாமான்களுக்கு அங்க கனகாலம் தடை இருந்தது, 1998க்குப் பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாத் திறந்துவிட்டவை, அதால நிண்டெண்டோ, பிளேஸ்டேசன் மாதிரி ரிவியில கொழுவி விளையாடுற கொன்சோல் மெசினுகள் எல்லாம் மற்ற நாடுகள் மாதிரி வீட்டுக்கு வீடு வரேல்ல. 1997 இல பொருளாதாரம் விழுந்து வேலை போன ஆக்கள் கனபேர் இருந்த காசைப் போட்டு பிசி பாங் எண்டு கொம்பியூட்டர் கடையள் திறந்தவை, அதே நேரம் அரசாங்கம் வேகமான இன்டர்நெட்டை நாடு முழுக்க இழுத்தது, 1998 இல ஸ்டார்கிராஃப்ட் எண்ட, படை நடத்திச் சண்டை பிடிக்கிற கேம் வந்தது, மணித்தியாலத்துக்குக் கொஞ்சக் காசு குடுத்துட்டு பக்கத்துக் கதிரையில இருக்கிற சிநேகிதனோட மோதலாம் எண்டதும் பெடியள் எல்லாம் அங்கதான். பிறகு அதை ரிவியில காட்டத் தொடங்கி, 2004 இல புசான் கடற்கரையில நடந்த ஃபைனலுக்கு ஒரு லட்சம் சனம் வந்தது எண்டு பேப்பருகள் எழுதினது. இது கொரியாக்காரரிட மூளை அப்பிடி எண்டு சொல்லுறதே? தடையும் கடனும் கேபிளும் சேந்து செய்த வேலை.

சீனாவும் உப்பிடித்தான். 2000 இல கொன்சோல் விக்கக்கூடாது எண்டு சட்டம் போட்டு, 2014, 2015 இலதான் எடுத்தவை. அதுக்கிடையில ஒரு தலைமுறையே நெட் கபேயிலயும் பிறகு போனிலயும் விளையாடி வளந்திட்டுது.

ஜப்பானில வேற கதை. அங்க ஆறுதலாக் கதையோட போற, ஆர்பிஜி எண்டு சொல்லுற கேம்தான் ராசா. 1988 பெப்ரவரியில ஒரு புதன்கிழமை டிராகன் குவெஸ்ட் 3 வந்த நேரம் பள்ளிக்கூடத்தை விட்டிட்டு கடை வாசலில வரிசையில நிண்ட பிள்ளையள் கனபேர். ஆனா எனக்குப் பெரிசாப் படுறது மொன்ஸ்டர் ஹண்டர் விசயம். அது 2004 இல பிளேஸ்டேசன் 2க்குத்தான் முதல் வந்தது, அங்க உச்சத்துக்குப் போனது கையில கொண்டு திரியிற பிஎஸ்பிக்கு வந்த பிறகு, ஏனெண்டால் ரெயினிலயும் சாப்பாட்டுக் கடையிலயும் நாலு பேர் பக்கத்தில இருந்து சேந்து வேட்டையாடலாம். அமெரிக்கா, ஐரோப்பாவில அப்பிடிப் பக்கத்தில வந்து இருக்க ஆக்கள் இல்ல, அங்க அது பெரிசா எடுபடேல்ல, உவைக்கு இந்த மாதிரிக் கேம் சரிவராது எண்டு கதைச்சவை. 2018 இல வீட்டில இருந்தே ஒன்லைனில சேந்து விளையாடுற மாதிரி மொன்ஸ்டர் ஹண்டர் வேர்ல்ட் எண்டு விட்ட உடன அதே வெள்ளைக்காரர் விழுந்து விழுந்து வாங்கினவை. விளையாடுற வழியை மாத்தினதும் ருசியும் மாறிட்டுது பாருங்கோ.

இனி எங்கட ஊருக்கு வாறன். நான் போன் திருத்திற கடையில வேலை செய்யிறன். ஸ்ரோரேஜ் நிரம்பிட்டுது, போன் இழுபடுது எண்டு கொண்டு வருவினம், எதை அழிக்கிறது எண்டு கேட்டுக் கேட்டுத்தான் அழிப்பன், அதால ஆரிட்ட என்ன கேம் கிடக்கு எண்டு எனக்கு வடிவாத் தெரியும். ஃப்ரீ ஃபயர் கன போனில கிடக்கு, ஓம். ஆனா அது 2017 இல வரேக்கையே குறைஞ்ச ரேம் உள்ள போனிலயும் ஓடுற மாதிரிச் செய்த கேம், 50 பேர், பத்து நிமிசத்தில முடிஞ்சிடும், டேட்டா கார்ட்டும் தாங்கும். பிரேசிலிலயும் அதாலதான் பிடிச்சது. எங்கட பெடியளுக்கும் அம்மாவின்ர பழைய போன்தான் கிடைக்குது, அதில ஓடுறதைத்தான் அவை விளையாடுவினம். அதைப் பாத்திட்டு இவைக்குச் சுடுறது மட்டும்தான் பிடிக்கும் எண்டு சொல்லுறது பிழை.

அதே போன்களில நான் ஆகக்கூடக் காணுற மற்றது பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா. அதுவும் 2017 இல வந்ததுதான், எங்கட ஊர் பஸ்ஸை நாங்களே கீறிப் போடலாம் எண்டதுதான் அதின்ர விசேசம். ஒரு நாள் ஒரு பெடியன், பத்தாம் வகுப்பு இருக்கும், டிஸ்ப்ளே மாத்த வந்தவன், மாத்தி முடிஞ்சு டச் வேலை செய்யுதோ எண்டு பாக்க அந்தக் கேமைத்தான் திறந்தான். பாத்தால் 750 பருத்தித்துறை மினிபஸ். முன் கண்ணாடியில சாமி படம், மேல மாலை, பக்கத்தில எழுத்து, பின் லைற்றுக்கு மேல ஒட்டின ஸ்டிக்கர் வரைக்கும் அவனே போனில விரலால கீறினது. ஹோர்ன் சத்தத்தைப் போட்டுக் காட்ட, கடையில நிண்ட ஆக்கள் எல்லாம் திரும்பிப் பாத்தவை. அவனுக்கு உங்கட போட்டியில ஒரு இடமும் இல்ல. ஆராவது எங்கட ஊரில பஸ் மாதிரி ஓடின பழைய தட்டிவானையும் செய்து போட்டால் எவ்வளவு வடிவா இருக்கும் எண்டு நான் அண்டைக்கு முழுக்க நினைச்சுக்கொண்டிருந்தன்.

பஸ் ஓடுறதில என்ன போட்டி எண்டு சொல்லாதேங்கோ. ஜெர்மனிப் பக்கம் தோட்டம் செய்யுற, லொறி ஓடுற கேம்கள் அந்த மாதிரி விலைப்படும். சுவிஸ் கொம்பனி ஒண்டு செய்த ஃபார்மிங் சிமுலேட்டருக்கு 2019 இல லீக்கே தொடங்கினவை, மூண்டு பேருக்கு எதிரா மூண்டு பேர், வயலை வெட்டி வைக்கோல் கட்டுகளைக் கொண்டுபோய்ச் சேக்கிறதுதான் போட்டி. அதுக்குப் பரிசும் இருந்தது, கத்திக் கைதட்டுற சனமும் இருந்தது. கோப்பாய், உரும்பிராயில லாண்ட்மாஸ்டர் எண்ட ரெண்டு சில்லு உழவு மெசினைப் பிடிச்சு வளந்த பெடியளுக்கு இது விளங்காதோ?

பிறகு 304. எங்கட செத்தவீட்டில, கலியாண வீட்டில, மதிலடியில விடியவிடிய நடக்கிற சீட்டு விளையாட்டு. நாலு பேர், ரெண்டு கட்சி, துரும்பைக் கவிட்டு வைச்சிட்டு எதிராளின்ர முகத்தைப் பாத்துக் கணக்குப் போடுறது, ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20. இதை விட நல்ல மூளை விளையாட்டு எங்க இருக்கு? ஒரு மேசை போட்டு வையுங்கோ, அப்பாமார் மகன்மாரோட சோடி சேந்து வருவினம்.

பொம்பிளப் பிள்ளையளையும் யோசியுங்கோ. அவையின்ர போனிலயும் கேம் கிடக்கு, லூடோ, மைன்கிராஃப்ட், கனடாவில இருக்கிற மச்சாளோட ஒண்டா விளையாடுற ரோப்லொக்ஸ். உங்கட போட்டி இரவு ஒன்பது மணிக்கு முடியுது, அதுக்குப் பிறகு பஸ்ஸும் இல்ல, எந்த வீட்டில விடுவினம்? அவை வரேல்ல எண்டு சொல்ல முதல் நேரத்தைப் பாருங்கோ.

சுடுற கேமை நிப்பாட்டச் சொல்லி நான் கேக்கேல்ல. நல்லா விளையாடுற பெடியள் இருக்கினம், அவைக்கு மேடை வேணும்தான். ஆனா எங்கட கன வீட்டில துவக்குச் சத்தம் போனுக்குள்ளால வந்தாலே எழும்பி அங்கால போற அம்மம்மாமார் இருக்கினம், அதையும் நீங்கள் அறிவியள். அவையும் வந்து கதிரையில இருந்து பாக்கக்கூடிய ஒரு போட்டி எண்டாலும் இருக்கட்டன்.

அடுத்த முறை பதிவு ஃபோர்மில, நீங்கள் என்ன கேம் விளையாடுறியள் எண்டு ஒரு கேள்வியைச் சேருங்கோ, தெரிவு ஒண்டும் குடுக்காமல் சும்மா எழுத விடுங்கோ. வாறதைப் பாத்திட்டு முடிவெடுங்கோ. பஸ் போட்டி வைக்கிறது எண்டால், யாழ்ப்பாணத்திலயிருந்து பருத்தித்துறைக்கு எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம், இடிக்காமல், ஒவ்வொரு தரிப்பிடத்திலயும் நிப்பாட்டி ஏத்தி இறக்கி, நேரத்துக்குப் போய்ச் சேரவேணும் எண்டு விதி போடலாம், நல்லாக் கீறின பஸ்ஸுக்குத் தனிப் பரிசு. போன் இல்லாமல் வாற பிள்ளையளுக்குக் கடையில இருந்து நாலஞ்சு போன் நான் கொண்டு வாறன், சார்ஜரும் சேத்து. முதலாளியோட கதைச்சிட்டன், ஓம் எண்டவர்.

அன்போட,
போன் கடையில இருந்து ஒரு அண்ணா