டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுத்த அக்காவுக்கு

போன மாதம், கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போகும் பஸ். பாபநாசம் தாண்டியதும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அப்பா என் தோளில் சாய்ந்தார். தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன். கூப்பிட்டால் பதில் இல்லை. அவருக்கு 74 வயது.

"வெயில்தான், சோடா கொடுங்க" என்றார்கள் ஆளாளுக்கு. பின் சீட்டிலிருந்து வந்த நீங்கள் வாயில் எதையும் ஊற்ற விடவில்லை. நடைவழியில் படுக்க வைத்து, உங்கள் பையை அவர் கால்களுக்கு அடியில் கொடுத்தீர்கள். மணிக்கட்டில் விரல் வைத்து, வாட்ச்சைப் பார்த்தபடி எண்ணினீர்கள். எண்ணும்போதே அப்பா கண் விழித்துவிட்டார். "ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போவோம்" என்றார். நானும் சரி என்றிருப்பேன்.

"உட்கார்ந்த இடத்துலயே, தலைசுத்தல்கூட இல்லாம மயங்கியிருக்கார் தம்பி. இந்த வயசுல இது இதயக் கோளாறா இருக்கலாம். இன்னைக்கே ஈசிஜி எடுத்துடணும்" என்றீர்கள். அய்யம்பேட்டையில் எங்களோடு இறங்கி, உங்கள் பஸ்ஸை விட்டுவிட்டு, 108 வரும்வரை நின்றீர்கள். டிக்கெட்டின் பின்னால் மயங்கிய நேரத்தையும், 'நாடித்துடிப்பு 36' என்றும் எழுதிக் கொடுத்தீர்கள்.

டாக்டர் முதலில் பார்த்தது அந்தத் துண்டுச்சீட்டைத்தான். இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்குப் போகும் மின்துடிப்பு முழுசாகத் தடைபட்டிருந்ததாம். மறுநாளே பேஸ்மேக்கர் வைத்தார்கள்.

அக்கா, உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டேன். அப்பா இப்போது தினமும் காலையில் அரசலாற்றுக் கரை வரை நடந்துவிட்டு வருகிறார். அவர் முகம் துடைத்த உங்கள் நீலத் துண்டு எங்களிடமே தங்கிவிட்டது. துவைத்து மடித்து வைத்திருக்கிறோம்.