பிரியமுள்ள தம்பிக்கு, கோத்தகிரியிலிருந்து

அன்புள்ள தம்பி,

ஆண்குறிப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து வந்ததிலிருந்து தேயிலைக் கொழுந்து எடை போடும் பக்கமே நீ வருவதில்லை. உன் மனைவி உன் அண்ணியிடம் சொல்லி அழுதிருக்கிறாள். மற்றவர்கள் சிறுநீருக்கு மேட்டோரம் ஒதுங்கும்போது நீ மட்டும் என்ன செய்வாய் என்ற பயம்தானே? ஐந்து வருடத்துக்கு முன் எனக்கும் அதே பயம்.

எனக்கு ஆண்குறியில் பாதியை எடுத்தார்கள். சிறுநீர் சிதறி, பேண்ட் நனையும். பஸ் நிலையக் கழிவறையில் கதவுள்ள அறை காலியாகும்வரை நிற்பேன். வெளியே வந்தால் எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல் இருக்கும். ஒருவரும் பார்க்கவில்லை, தம்பி. உனக்கு முழுவதும் எடுத்து, விதைப்பைக்குக் கீழே வழி வைத்திருக்கிறார்கள். இனி உட்கார்ந்துதான் போக வேண்டும். சிறுநீரை அடக்கும் தசை உள்ளே அப்படியே இருக்கிறது. குளிரில் அடிக்கடி வருகிறதென்று தண்ணீரைக் குறைக்காதே. தாரை மெலிந்தால் வழி சுருங்குகிறதோ என்று டாக்டரிடம் காட்டு.

கால் விஷயத்தில்தான் எனக்கு இன்னும் கோபம். தொடையிடுக்கில் நெறிகளை, அதாவது நிணநீர் முடிச்சுகளை, எடுத்தால் நிணநீர் வடியாமல் கால் வீங்கலாம் என்று எனக்கு யாரும் விளக்கவில்லை. கவாத்து வெட்டிய தோட்டத்தில் ஒரு குச்சி கீறியது. நகக்கீறல் அளவுதான். இரண்டே நாளில் முழங்கால்வரை சிவந்து, குளிர்காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். பூட்ஸ் இல்லாமல் தோட்டத்தில் இறங்காதே. அழுத்தக் காலுறையைக் காலையில் எழுந்ததும், வீக்கம் ஏறுமுன் மாட்டு. கால் சிவந்து சூடானால் அன்றே மருத்துவமனைக்குப் போ.

தனியாகப் படுக்கிறாயாம். விதைகள் இருக்கின்றன, ஆண் சுரப்பு நிற்கவில்லை, ஆசை வருவது இயற்கை. பழையபடி சேர முடியாது என்பது பெரிய துக்கம், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் தொடுவதற்கும் பேசுவதற்கும் என்ன தடை? நான் எட்டு மாதம் வாயே திறக்கவில்லை. ஒரு இரவு காலுறையைக் கழற்ற முடியாமல் திணறினேன். உன் அண்ணி தரையில் உட்கார்ந்து, அதைச் சுருட்டிச் சுருட்டிக் கணுக்கால்வரை இறக்கினாள். விடியும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.

குளிக்கும்போது தொடையிடுக்கைத் தடவிப் பார். புதிதாக நெறி கட்டினால் பரிசோதனைத் தேதி வரட்டும் என்று இருந்துவிடாதே. கோயம்புத்தூருக்கு அடுத்த முறை நானும் வருகிறேன். முதல் பஸ்ஸில் இறங்குவோம். மேட்டுப்பாளையத்தில் சுத்தமான கழிவறை எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும்.

உன் அண்ணன்